ஒரு நாள் ஒர்க்‌ஷாப்

நான்கு வருடம் எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் படித்தேன். அந்த நான்கு வருடத்தில் கல்லூரியில் என் கையில் ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் அயர்னைக் கொடுத்தது ஒரே ஒரு தடவை. ஆய்வுக் குழு வந்திருந்த அன்றைக்கு, போட்டோவுக்காக. அதற்குக் கரண்ட் கூடக் கொடுக்கவில்லை. "சூடா இருக்கிற மாதிரி பிடிம்மா," என்றார் லேப் அசிஸ்டென்ட். நானும் சூடாக இருக்கிற மாதிரி பிடித்தேன். அந்தப் படம் இன்னும் கல்லூரி வெப்சைட்டில் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் அடுத்தடுத்த வருடப் பிள்ளைகள் வந்து சேருகிறார்கள்.

எங்கள் வீட்டில் முதல் டிகிரி நான்தான். அப்பா முனிரத்தினம் குட்டியானை ஓட்டுகிறார். முடிச்சூரில் யார் வீடு காலி செய்தாலும் பீரோவும் கட்டிலும் அப்பாவின் வண்டியில்தான் போகும். மகள் இன்ஜினியர் என்று வண்டியின் பின்பக்கம் எழுதாததுதான் பாக்கி. இன்ஜினியருக்குத் தாம்பரம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. லென்ஸ் வழியாக சர்க்யூட் போர்டைப் பார்க்க வேண்டும். தப்பு இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். சரி செய்யக் கூடாது, தொடக்கூடாது. ஸ்டிக்கர் ஒட்ட எதற்கு டிகிரி என்று கேட்டேன். எனக்குத் திமிர் என்று சூப்பர்வைசர் கண்டுபிடித்தார்.

வீட்டில் கற்றுக்கொள்ளலாம் என்றால், ஒழுங்காக வேலை செய்கிற பிளக் பாயின்ட் ஒன்றுதான். நான் அயர்னைச் சொருகினால் டிவி நிற்கும், தம்பியின் போன் சாகும், அம்மா இருமுவாள். படித்த படிப்பு வீட்டுக்குள் புகையாக மட்டுமே வந்தது.

அதனால் சபீஹா வீட்டு பால்கனிக்குப் போனேன். சபீஹா என்னோடு படித்தவள். செம்பாக்கம் ஏரிப் பக்கம் ஒரு காலனியில் அவர்கள் வீடு. அவள் அத்தாவுக்குத் தாம்பரத்தில் எலெக்ட்ரிகல் சாமான் கடை. பழைய ஆசிலோஸ்கோப் ஒன்று, மல்டிமீட்டர்கள், சால்டரிங் அயர்ன்கள், இடித்த வீடுகளின் கதவுகளை வைத்து அப்பா அடித்துக் கொடுத்த மேஜைகள் என்று பால்கனி நிறைந்தது. என் கம்பெனிப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். அவர்கள் தங்கைகள் வந்தார்கள். பால்கனியில் மூச்சுவிட இடமில்லாமல், ஆனால் கரண்டோடு, நாங்கள் எல்லோரும் ஒருவழியாக எலெக்ட்ரானிக்ஸ் படித்தோம்.

அப்புறம் சபீஹாவின் அண்ணன் மொஹ்சினுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் வீட்டிலிருந்து வாஷிங் மெஷின் வருகிறது. அது பால்கனியில்தான் நிற்கும். எங்கள் சாமான்கள் போக வேண்டும். எங்கே போக என்று யாரும் சொல்லவில்லை. வாஷிங் மெஷினுக்கு இருந்த இடம் எங்களுக்கு இல்லை.

காலனி நலச்சங்கத்துக்கு ஒரு கட்டடம் உண்டு. கீழே தண்ணீர் மோட்டார், மேலே ஹால். ஹாலில் கால் உடைந்த நாற்காலிகளும் பிள்ளையார் குடைகளும் வசித்தன. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் அபிதகுஜாம்பாள் மாமி சகஸ்ரநாம வகுப்பு எடுப்பார். மற்ற நாட்களில் பூட்டு. அந்த ஹாலைக் கேட்பது என்று முடிவு செய்தோம்.

சங்கத் தலைவர் தோத்தாத்ரி சார். கணக்குத் துறையில் ரிட்டயரானவர். செயலாளர் ஷ்யாம்சுந்தர் சார், வங்கியில் ரிட்டயரானவர். இருவரும் எதிலும் ஒத்துப்போனதில்லை என்று சபீஹா எச்சரித்திருந்தாள். ஷேர் ஆட்டோவில் வருகிற வழியெல்லாம் நான் சண்டைக்கு ஒத்திகை பார்த்தேன். நான் காலனிக்காரி இல்லை என்பார்கள், இதற்கு என்ன பதில். பெண்பிள்ளைகளுக்கு எதற்கு இது என்பார்கள், அதற்கு என்ன பதில். எல்லாம் தயார்.

"சார், மாடி ஹால்ல ஒரு எலெக்ட்ரானிக்ஸ் ஒர்க்‌ஷாப் ஆரம்பிக்கணும். யாரு வேணாலும் வந்து கத்துக்கலாம்," என்றேன்.

இருவரும் ஒரே நேரத்தில் சரி என்றார்கள். எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. அவ்வளவு கோபத்தையும் திரும்ப எடுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டார்கள். ஆரம்பத்தில் பத்துப் பதினைந்து, போகப் போகக் கூடும் என்றேன். போதாது, கூட்டத்துக்குத் தாங்கள் பொறுப்பு என்றார்கள். மதியச் சாப்பாடு என்ன ஏற்பாடு என்றார்கள். அவரவர் டிபன் பாக்ஸ் கொண்டு வருவார்கள் என்றேன். தோத்தாத்ரி சார் முகம் சுளித்தார். அது காலனிக்கு மரியாதையாக இருக்காது, சங்கத்தின் சார்பில் சாம்பார் சாதமும் தயிர் சாதமும் போடுவோம் என்றார்.

மாடிப்படி இறங்கும்போது, மிடில் கிளாஸைப் பற்றி நான் தப்பாக நினைத்துவிட்டேன் என்று சபீஹாவிடம் சொன்னேன். தினமும் சாப்பாடு போடுகிறேன் என்கிறார்களே.

"எனக்கு எங்கயோ இடிக்குதுடீ," என்றாள் சபீஹா. "எங்க அத்தா கார் நிறுத்த இடம் கேட்டதுக்கு ஒரு வருஷம் யோசிச்ச மனுஷன் இவரு."

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்தார். காலனி கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, இறங்கி, இடுப்பில் கைவைத்து மேலே பார்த்தார்.

"இன்னா கீதா, ஒரு நாள்னு போட்டுகினு கீறாங்க?"

நானும் பார்த்தேன். கேட்டின் அகலத்துக்கு ஃப்ளெக்ஸ். ஒரு பக்கம் கைகூப்பிய தோத்தாத்ரி சார், இன்னொரு பக்கம் கைகூப்பாத ஷ்யாம்சுந்தர் சார், நடுவில் கோட்டு போட்ட ஒருவர். பின்னணியில் ராக்கெட். கீழே கொட்டை எழுத்தில், 'மாபெரும் ஒரு நாள் எலெக்ட்ரானிக்ஸ் ஒர்க்‌ஷாப்'.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் முடிச்சூரில் ஒர்க்‌ஷாப் என்றால் பட்டறை. வண்டியை விடுவோம், ஸ்பேனர் கீழே விழும் சத்தம் கேட்கும், அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வருவார். இவர்கள் ஆபீஸில் ஒர்க்‌ஷாப் என்றால் காலையில் குத்துவிளக்கு, மதியம் தயிர் சாதம், சாயங்காலம் சர்டிஃபிகேட், வீட்டுக்குப் போய்விடலாம். ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு நானும் அவர்களும் ஒரு மாதமாக ஒற்றுமையாக இருந்திருக்கிறோம்.

உடனே கேட்டிருக்க வேண்டும். ஆனால் மேஜைகள் வண்டியில் நின்றன, பால்கனியில் வாஷிங் மெஷின் ஏறிக்கொண்டிருந்தது. முதலில் சாமானை உள்ளே வைப்போம் என்று சபீஹா என்னை இழுத்தாள்.

விழா நடந்தது. கோட்டுக்காரர் ஓய்வுபெற்ற இணை இயக்குநர். எந்தத் துறைக்கு என்று யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. குத்துவிளக்கு அணையாமலிருக்க ஃபேனை நிறுத்தினார்கள். செல்போன் எப்படி இளைய சமுதாயத்தைக் கெடுக்கிறது என்று இணை இயக்குநர் வியர்க்க வியர்க்கப் பேசினார். அதை எல்லோரும் செல்போனில் வீடியோ எடுத்தார்கள். தயிர் சாதத்துக்குப் பிறகு மேஜையருகில் வரிசை நின்றது. கற்றுக்கொள்ள இல்லை. சால்டரிங் அயர்னைப் பிடித்தபடி போட்டோ எடுக்க. இந்தத் தடவை நான் கரண்ட் கொடுத்திருந்தேன். தோத்தாத்ரி சார் மட்டும் தவறான முனையைப் பிடித்தார்.

ஐந்து மணிக்கு, விரலில் பற்பசையோடு அவர் எங்களிடம் வந்தார். ரொம்பப் பிரமாதம், இனி சாமான்களை எடுத்துக்கொள்ளலாம், வாட்ச்மேன் பூட்டிவிடுவார் என்றார்.

நான் உள்ளதைச் சொன்னேன். என் பழக்கம் அது. ஒரு நாள் இல்லை சார், எப்போதும். இந்த மேஜைகள் இங்கேயே இருக்கும், தினமும் சாயங்காலம் ஆட்கள் வருவார்கள் என்றேன். அவருக்குப் புரியவில்லை. புரிய வைக்கிறேன் என்று நினைத்து, "பட்டறை சார். மெக்கானிக் பட்டறை மாதிரி," என்றேன்.

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அதுவரை புரியாமல் இருந்தவர்களுக்கெல்லாம் புரிந்துவிட்டது. காலனிக்குள் பட்டறையா என்று ஷ்யாம்சுந்தர் சார் எழுந்தார். வெல்டிங் வைப்பார்களா என்று ஒருவர் கேட்டார். ஆயில் கறை போகாது என்றார் இன்னொருவர். வாசலில் லாரி நிற்கும், வீட்டு விலை இறங்கும் என்றார்கள். சால்டரிங் அயர்ன் பேனா அளவுதான் இருக்கும், இவ்வளவு நேரம் அதைப் பிடித்துத்தானே போட்டோ எடுத்தீர்கள் என்று கத்தினேன். தலைவரும் செயலாளரும் இரண்டாவது தடவையாக ஒத்துப்போனார்கள். இன்றைக்கே காலி செய்ய வேண்டும்.

அப்பா கயிற்றோடு மாடி ஏறி வந்தார்.

"காலைல ஏத்தியாந்தத சாயங்காலமே எறக்கணும்ன்றியா? எறக்கி எங்க வெப்ப? வூட்ல உங்கம்மா அடுப்பு மேலயா?"

சபீஹா ஆசிலோஸ்கோப்பைத் துணியில் சுற்ற ஆரம்பித்தாள். அவள் அழுதால் நான் யாரையாவது அடித்துவிடுவேன் என்று தெரியும், அதனால் அழாமல் சுற்றினாள்.

அப்போது முதல் வரிசை நாற்காலியிலிருந்து அபிதகுஜாம்பாள் மாமி எழுந்தார். காலையிலிருந்து பட்டுப்புடவையில் அங்கேயே உட்கார்ந்திருந்தார். மகளிர் அணித் தலைவி.

"தோத்தாத்ரி, கார்த்தால மேடை ஃபுல்லுன்னேள். சரின்னு கீழ உக்காந்தேன். நிறைவு விழாவுல மேடையும் பொன்னாடையும் உண்டுன்னேள். நிறைவு விழா எங்கே?"

நேரமாகிவிட்டது, சிறப்பு விருந்தினரும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார் என்று தோத்தாத்ரி சார் இழுத்தார். ஒர்க்‌ஷாப் முடிந்துவிட்டதாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்றார்.

"எப்படி வெச்சுக்கறது? ஆரம்பிச்சதுக்கு விளக்கேத்தினேள். முடிச்சதுக்கு என்ன பண்ணினேள்?"

தோத்தாத்ரி சாருக்கு முகம் மாறியது. முப்பத்தைந்து வருடம் அரசாங்க விழாக்களில் நாற்காலி போட்டு வாழ்ந்த மனிதர். தொடக்க விழா நடந்து நிறைவு விழா நடக்காத நிகழ்ச்சியை அவர் தன் சர்வீஸில் பார்த்ததில்லை. அவர் மூளை அங்கேயே மாட்டிக்கொண்டது கண்ணுக்குத் தெரிந்தது. நான் விடவில்லை.

"மாமி சொல்றது சரி சார். நிறைவு விழா நடக்காம காலி பண்ணினா, ஒர்க்‌ஷாப் பாதியில நின்னு போச்சுன்னுதான் பக்கத்துக் காலனில பேசுவாங்க."

சபீஹா துணியைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

சரி, அடுத்த ஞாயிறு சின்னதாக ஒரு நிறைவு விழா என்று முடிவானது. சிறப்பு விருந்தினர் யார் என்ற கேள்வி வந்தது. தன் சம்பந்தி இருக்கிறார், துணை இயக்குநராக ரிட்டயரானவர் என்று ஷ்யாம்சுந்தர் சார் முன்வந்தார்.

"தொடக்கத்துக்கு ஜாயின்ட் டைரக்டர், நிறைவுக்கு டெபுடி டைரக்டரா?" என்றார் தோத்தாத்ரி சார். "ஏறுமுகமா இருக்க வேண்டாமா ஷ்யாம்?"

சம்பந்தியை இறக்கிப் பேசியதில் ஷ்யாம்சுந்தர் சார் அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை. செயலாளர் வராமல் தேதி குறிக்க முடியாது. அதற்கடுத்த கூட்டத்துக்கு அவர் வந்தார், இணை இயக்குநருக்கு மேலே யாரும் கிடைக்கவில்லை. அப்புறம் ஆடி. ஆடியில் முடிக்கலாமா கூடாதா என்பதிலேயே ஆடி முடிந்தது. ஒரு நாள் ஒர்க்‌ஷாப் மாதக் கணக்கில் நடந்துகொண்டிருந்தது.

ஆட்கள் வந்தார்கள். என் கம்பெனிப் பெண்கள் ஷிஃப்ட் முடிந்து நேராக வந்து, பகலில் தொடக்கூடாத போர்டுகளைச் சாயங்காலம் தொட்டார்கள். காலனிக்காரர்கள் முதலில் வேவு பார்க்க வந்தார்கள், பிறகு செட்டாப் பாக்ஸோடு வந்தார்கள். வைத்துவிட்டுப் போகிறேன், நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்றவர்களை நான் திருப்பி அனுப்பினேன். இது ரிப்பேர் கடை இல்லை, உங்கள் சாமானை நீங்கள்தான் திறக்க வேண்டும், நாங்கள் பக்கத்தில் நிற்போம் என்றேன். இந்தப் பெண்ணுக்கு வாய் அதிகம் என்றார்கள். ஆனால் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தார்கள்.

மாமி தன் ஸ்ருதிப் பெட்டியைக் கொண்டுவந்தார். சட்ஜமத்தில் கரகரவென்று ஒரு சத்தம். அவரையே திறக்கச் சொன்னேன். உள்ளே ஒரு கரப்பான் குடும்பம் மூன்று தலைமுறையாக வாழ்ந்துகொண்டிருந்தது. மாமி கூச்சலிடவில்லை. பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு, விட்டுப்போன ஒயரை எப்படிப் பற்ற வைப்பது என்று கேட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை வகுப்பில் சகஸ்ரநாமத்துக்கு முன்னால் அந்தக் கதைதான் நடந்தது.

ஒழுங்காக வைத்திருக்கிறோமா என்று மேற்பார்வை பார்க்க வந்த தோத்தாத்ரி சார், மேல்நிலைத் தொட்டி நிரம்பினால் அடிக்கிற அலாரம் ஒன்றைச் செய்ய ஆரம்பித்தார். அது தொட்டி காலியாக இருக்கும்போது அடித்தது. யாராவது காலிங் பெல் அமுக்கினால் அடித்தது. தொட்டி நிரம்பி வழியும்போது மட்டும் மௌனமாக இருந்தது. அவர் மறுபடி மறுபடி வந்தார்.

எல்லோருக்கும் இது பிடித்திருந்தது. ஆனால் இது இருக்கலாம் என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. நிறைவு விழா தள்ளிப்போகிற வரைக்கும்தான் நாங்கள். யாராவது கோட்டு போட்டுக்கொண்டு தெருவில் போனால், அவர் காலனி கேட்டைத் தாண்டிப் போகிற வரைக்கும் ஜன்னலில் நின்று பார்ப்பேன்.

பொங்கல் முடிந்ததும் அந்தக் கோட்டு வந்துவிட்டது. திருநீர்மலைக் கோயில் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த ஒருவரிடம் தோத்தாத்ரி சார் பேச்சுக் கொடுத்திருக்கிறார். அவர் ஓய்வுபெற்ற கூடுதல் இயக்குநர். இணைக்கு மேலே. தேதி அங்கேயே குறிக்கப்பட்டது.

நிறைவு விழா நடந்தது. மாமி மேடையில் உட்கார்ந்தார், பொன்னாடை வாங்கினார். ஒரு நாள் ஒர்க்‌ஷாப்பை வெற்றிகரமாக முடித்ததற்காக எனக்கும் சபீஹாவுக்கும் சர்டிஃபிகேட் தந்தார்கள். சிரித்த மாதிரி வாங்கினேன். கீழே அப்பா வண்டியோடு நின்றிருந்தார். எங்கே போவது என்று அப்போதும் எங்களுக்குத் தெரியாது.

நன்றியுரை ஷ்யாம்சுந்தர் சார். வந்தவர்களுக்கு நன்றி, சமையலுக்கு நன்றி, மைக் செட்டுக்கு நன்றி. பிறகு துண்டுச் சீட்டை மடித்துப் பையில் வைத்தார். தொடக்கத்துக்கும் தலைவரின் விருந்தினர், நிறைவுக்கும் தலைவரின் விருந்தினர், இதில் யாருக்கும் வருத்தமில்லை என்று வருத்தமாகச் சொன்னார். ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதே ஹாலில் இரண்டாவது ஒரு நாள் ஒர்க்‌ஷாப் தொடங்கும், விளக்கேற்றுபவர் தன் சம்பந்தி என்று அறிவித்தார். கூடுதல் இயக்குநர் முன்னிலையில் தோத்தாத்ரி சாருக்குப் புன்னகைப்பதைத் தவிர வழியில்லை.

"ஏத்தணுமா வேணாமா, ஒண்ணு சொல்லு. பேஜார் பண்ணாத," என்று அப்பா போனில் கேட்டார். அடுத்த வாரம் வரைக்கும் வேண்டாம் என்றேன்.

சபீஹாவுக்குச் சந்தோஷம். எனக்கு ஆத்திரம். ஆயுசு பூராவும் யாராவது ஒரு சம்பந்தியை நம்பி இருக்கப் போகிறோமா என்று கேட்டேன். இருந்தால் என்ன, இந்தக் காலனியில் சம்பந்திகளுக்குப் பஞ்சமில்லை என்றாள். அன்றைக்கு அவளோடு பேசாமல் வீட்டுக்குப் போனேன்.

அடுத்த ஞாயிறு ஃபேனை நிறுத்தி, விளக்கேற்றி, சம்பந்தி பேசினார். பிறகு என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மேடையில் வீற்றிருக்கும் யாரையும் நான் விளிக்கவில்லை.

"இது ஒரு நாள் ஒர்க்‌ஷாப் இல்ல. இது பட்டறை. நாளைக்கும் நடக்கும், அடுத்த வருஷமும் நடக்கும். வெள்ளிக்கிழமை மாமி கிளாஸுக்கு மேஜைய ஓரமாத் தள்ளிக் குடுப்போம். மத்தபடி நாங்க காலி பண்ண மாட்டோம். சம்மதம் இல்லாதவங்க இப்பவே சொல்லிடுங்க."

சபீஹா என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். சம்பந்தி பாதித் தூக்கத்தில் இருந்தார். சத்தம் நின்றதும், பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்துக் கைதட்டினார். சிறப்பு விருந்தினர் தட்டினால் ஷ்யாம்சுந்தர் சார் தட்டாமல் இருக்க முடியுமா. முதல் வரிசை தட்டியது, மாமி பலமாகவே தட்டினார். தோத்தாத்ரி சாரின் கைகள் பழக்கதோஷத்தில் தாமாகவே சேர்ந்தன. ஹால் முழுக்கத் தட்டியது.

விழா முடிந்து தயிர் சாதத் தட்டோடு தோத்தாத்ரி சார் என்னிடம் வந்தார்.

"காலி பண்ண மாட்டோம்னு ஏதோ சொன்னியேம்மா, அது என்ன?"

"நீங்க கைதட்டினீங்களே சார்."

"அது மரியாதைக்குத் தட்டறதும்மா."

"நான் மரியாதைக்குச் சொல்லல சார்."

அவர் என்னை முறைத்தார். நானும் முறைத்தேன். ஸ்பூன் தட்டிலேயே நின்றது. அதற்குள் ஷ்யாம்சுந்தர் சார் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். பட்டறைக்கா கைதட்டினீர்கள், என்ன சொல்கிறாள் என்று கேட்காமலேவா தட்டினீர்கள் என்று தலைவரைக் கேட்டார். தானும் தட்டியதை அவர் அந்த நேரத்தில் மறந்திருந்தார்.

தோத்தாத்ரி சார் நிமிர்ந்தார். செயலாளர் முன்னால் இப்படி ஒரு கேள்விக்கு அவரிடம் ஒரே பதில்தான் இருக்க முடியும்.

"யோசிச்சுத்தான் தட்டினேன் ஷ்யாம்," என்றார்.

நான் வெளியே வந்து அப்பாவுக்குப் போன் போட்டேன். வண்டி வேண்டாம், வேறு லோடு பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.